ஊற்றடியில் ஒரு நொதியம்

பப்பாசிப் பழத் துண்டு ஒன்று, கறியுப்பு ஒரு தேக்கரண்டி, பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், உறைபெட்டியில் இரா முழுதும் கிடந்த சேர்ஜிக்கல் ஸ்பிரிட் அரைக் குவளை. திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கூடும் பிள்ளைகளுக்கு முதற்பாடம் எப்போதும் இதுதான். பழத்தை மசித்து, உப்பும் சவர்க்காரமும் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய வேட்டித் துண்டில் வடிக்க வேண்டும். வடித்த சாறு கண்ணாடிக் குவளையில் செம்மஞ்சளாக நிற்கும். அதன்மேல் ஸ்பிரிட்டைக் குவளையின் சுவரோடு சரித்து நூல் போல ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் இரண்டும் கலந்துவிடும். ஒழுங்காக ஊற்றினால் கீழே சாறும் மேலே தெளிந்த ஸ்பிரிட்டுமாக இரண்டு படை தெரியும். ஒரு நிமிடம் பொறுத்தால், அந்த எல்லையில் வெள்ளை நூல்கள் முளைத்து, சின்னச் சின்னக் குமிழ்களைப் பிடித்துக்கொண்டு மேலே மிதந்து வரும்.

“என்ன ரீச்சர் இது, சளி மாதிரிக் கிடக்கு?”

கேட்ட பிள்ளை ஓர் ஈர்க்குக் குச்சியால் அதைச் சுருட்டி எடுத்தாள். டீ.என்.ஏ. பாடப்புத்தகத்தில் முறுக்கிய ஏணியாக மட்டுமே அவள் பார்த்திருந்த பொருள். சவர்க்காரம் கல மென்சவ்வின் கொழுப்பை உடைத்தது. பப்பாசியிலேயே இருக்கும் பப்பேன் என்ற நொதியம் புரதங்களைச் சிதைத்தது. உப்பு, டீ.என்.ஏ.யின் எதிரேற்றங்களை அமர்த்தியது. மதுசாரத்தில் கரைய முடியாமல் அது திரண்டு வெளியே வந்தது. நாலு வசனத்தில் அடங்கிவிடும் இரசாயனம். ஆனால் குச்சியில் தொங்கிய ஈரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அவள் கேட்டது, எந்தக் கடந்தகால வினாத்தாளிலும் இல்லாத கேள்வி: “எடுத்தாச்சு. இனி இதை வெட்டி ஒட்டேலாதோ, ரீச்சர்?”

வெட்டலாம், ஒட்டலாம். அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்த பிள்ளைகள் உலகின் பல ஊர்களில் அதைச் செய்கிறார்கள். பாலையூற்றிலிருந்து அதைச் செய்யப் புறப்பட்டால் வழி எங்கெங்கே அறுந்து கிடக்கிறது, எங்கே முடிச்சுப் போடலாம் என்பதைச் சொல்லவே இந்த அத்தியாயம்.

*

இந்தத் துறையைச் சிலர் ‘செயற்கை உயிரியல்’ என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. செயற்கை என்றதும் செயற்கைப் பூ, செயற்கைப் பல் என்று போலிகளே நினைவுக்கு வருகின்றன. இலங்கைப் பாடநூல்கள் எங்களுக்கு நல்ல சொல் ஒன்றை ஏற்கனவே தந்திருக்கின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஒளிச்சேர்க்கை என்று படிப்பதை நாங்கள் ஒளித்தொகுப்பு என்று படித்தோம். சிறு கூறுகளைச் சேர்த்துப் புதிதாய் ஒன்றை ஆக்குவது தொகுப்பு. ஆகவே இது தொகுப்பு உயிரியல். கலத்துக்குள் இருக்கும் பரம்பரை அலகுகளைத் தனித்தனி உதிரிப்பாகங்களாகப் பார்த்து, வேண்டியவற்றைத் தெரிந்து கோத்து, கலத்தைப் புதிய வேலை ஒன்றைச் செய்யவைக்கும் பொறியியல்.

2000 ஜனவரியில் ‘நேச்சர்’ ஆய்விதழின் ஒரே வெளியீட்டில் வந்த இரண்டு கட்டுரைகளிலிருந்து இந்தத் துறையின் வயதைக் கணக்கிடுபவர்கள் உண்டு. ஒன்றில் ஜேம்ஸ் கொலின்ஸும் அவருடன் இருந்தவர்களும் பற்றீரியாவுக்குள் ஓர் ஆளியைக் கட்டினார்கள். ஒன்றையொன்று அடக்கும் இரண்டு பரம்பரை அலகுகள். ஒன்று விழித்தால் மற்றது தூங்கும். வீட்டுச் சுவரில் இருக்கும் மின்விளக்கு ஆளியைப் போலவே, தட்டிய பக்கத்தில் நிற்கும். மற்றதில் மைக்கல் எலோவிட்ஸும் ஸ்டானிஸ்லாஸ் லைப்லரும் மூன்று அலகுகளை வட்டமாகக் கோத்து, ஒளிர்ந்து அணைந்து ஒளிரும் கலங்களைச் செய்தார்கள். இரண்டுக்கும் பயன்பாடு ஒன்றுமில்லை. கட்ட முடியும் என்று காட்டியதே செய்தி.

மூன்று வருடம் கழித்து, 2003 ஜனவரியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் விடுமுறைக் கால வகுப்பொன்றில் மாணவர்களிடம் இந்த விளையாட்டு கொடுக்கப்பட்டது. 2004 இல் ஐந்து பல்கலைக்கழகங்கள் போட்டியிட்டன. அதுவே ஐஜெம் என்ற உலகப் போட்டியாக வளர்ந்தது. இப்போது ஆண்டுதோறும் 300க்கும் மேற்பட்ட அணிகள். 2022 முதல் இறுதிக் கூடுகை பாரிஸில். பெரும்பாலும் இளமாணிப் பட்டம் படிக்கும் பிள்ளைகள். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

எங்கள் பக்கத்து நாடுகளிலிருந்தும் போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த அணி 2009 இல் பெங்களூரிலிருந்து போனது. அவர்கள் உயிரியல் மாணவர்களே அல்லர். சிருஷ்டி கலை, வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர்கள். முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை, சாதாரண ஈ.கோலை பற்றீரியாவைக் கொண்டு ஆக்கவைத்தார்கள். உலகப் புகழ் பெற்ற ஆய்வுகூடங்கள் மருந்தும் எரிபொருளும் பேசிக்கொண்டிருந்த மேடையில் மழை வாசம். 2016 இல் பாகிஸ்தானின் முதல் அணி பெஷாவரிலிருந்து புறப்பட்டது. வாகனப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டைக் காட்டிக்கொடுக்கும் பற்றீரியா அவர்களுடைய திட்டம். சென்னை ஐ.ஐ.டி.யும் தஞ்சாவூர் சாஸ்த்ராவும் அணிகளை அனுப்பியிருக்கின்றன. பெங்களூர், பெஷாவர், தஞ்சாவூர் என்று பெயர்களைச் சொன்னபோது எங்கள் விறாந்தையில் பிள்ளைகள் முகத்தில் வந்த மாற்றம், பொஸ்டன் என்றபோது வரவில்லை. பொஸ்டன் தொலைவு. தஞ்சாவூர் அம்மம்மாக்கள் கோயில் பார்க்கப் போய்வந்த ஊர்.

அணி ஒன்றைப் பதிவுசெய்யும் கட்டணம் மட்டும் 5,000 அமெரிக்க டொலரைத் தொடும். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 15 இலட்சம். இந்த நாட்டில் பட்டதாரி ஆசிரியர் ஒருவரின் ஒரு வருடச் சம்பளத்தைவிட அது அதிகம். விமானச் சீட்டும் விசாவும் அதற்குப் பிறகு. பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். எப்படியோ ஒருவர் கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி திறந்துவிடாது. அது ஏன் என்பது எங்கள் விறாந்தைக்கு ஒரு பொதி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

*

டீ.என்.ஏ.யை எடுத்த பிறகு அதை நீளத்தின்படி பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஜெலி ஒன்றும் மின்னோட்டமும் போதும். டீ.என்.ஏ. எதிரேற்றம் கொண்டது, நேர்முனையை நோக்கி ஓடும், ஜெலியின் நுண்துளைகளுக்குள் நெளிந்து சிறிய துண்டு முந்தும், பெரிய துண்டு பிந்தும். நாங்கள் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு தொட்டி செய்தோம். இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத கம்பி. ஒன்பது வோல்ற் பற்றரி ஐந்தைத் தொடராகப் பூட்டினால் 45 வோல்ற். கரைசலுக்கு அப்பச்சோடா.

ஜெலிக்கு? பிள்ளைகளில் ஒருத்தி வீட்டிலிருந்து கடற்பாசிப் பொட்டலம் கொண்டுவந்தாள். நோன்பு காலத்தில் அவளுடைய உம்மா பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, சாய்சதுரமாய் வெட்டித் தரும் அதே கடற்பாசி. ஏகார் என்று அறிவியல் சொல்வதும் இதுதான். ஏகார் ஆய்வுகூடத்துக்குள் போனதே சமையலறை வழியாகத்தான். 1881 இல் ஜேர்மனியில், வால்தர் ஹெஸ்ஸ பற்றீரியா வளர்க்க வைத்திருந்த ஜெலற்றின் கோடை வெக்கையில் உருகி வழிந்தது. அவருடைய மனைவி ஃபானி ஹெஸ்ஸ, ஜாவாவில் வாழ்ந்த டச்சு அயலவரிடம் கற்றிருந்த ஏகார் பழப்பாகை நினைவூட்டினார். அந்த யோசனை ரொபேட் கொக்கின் ஆய்வுகூடத்துக்குப் போனது. உலகம் முழுதும் பரவியது. ஃபானியின் பெயர் கொக்கின் கட்டுரையில் வரவில்லை. கிரசிலேரியா இனப் பாசி எங்கள் திருகோணமலைக் கடலிலும் வளர்கிறது. முன்பு ‘சிலோன் மொஸ்’ என்ற பெயரில் கப்பலேறிய சரக்கு அது. இலங்கைக் கடற்பாசிகளை வகைப்படுத்தி 1961 இல் நூல் எழுதிய துரைரத்தினம் ஒரு தமிழர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை நடத்துவதில்லை.

உம்மாவின் கடற்பாசியில் உணவுச் சாயங்களை ஓடவிட்டோம். பச்சை என்று கடையில் விற்பது மஞ்சளும் நீலமுமாகப் பிரிந்து ஓடியதைப் பார்த்து விறாந்தையே கத்தியது. அடுத்தது டீ.என்.ஏ. சமையல் ஏகாரில் டீ.என்.ஏ. சற்றுக் கலங்கி ஓடும் என்பதால் சுத்திகரித்த ஏகரோஸ் கொஞ்சம் வாங்கினோம். சாயம் தோய்க்க மெதிலீன் நீலம். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும். லம்டா என்ற வைரசின் டீ.என்.ஏ.யை, ஈகோ ஆர் ஒன்று என்ற கத்தி நொதியத்தால் வெட்டுவது திட்டம். 48,502 எழுத்து நீளமான அந்த இழையில் ஐந்து இடங்களில் இந்த நொதியம் வெட்டும். ஆறு துண்டு வரும். உலகமெங்கும் மாணவர்கள் செய்யும் பழகு பயிற்சி. ஆபத்து ஏதுமில்லை, உயிருள்ள எதையும் மாற்றுவதில்லை.

அந்த நொதியம் மைனஸ் 20 பாகையில் இருக்க வேண்டும். சரிபாதி கிளிசரோலில் மிதப்பதால் அந்தக் குளிரிலும் உறையாமல் திரவமாகவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து கட்டுநாயக்காவுக்கு, சுங்கத்திலிருந்து கொழும்பு முகவரிடம், அங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் கடந்து எங்களிடம். எங்கள் பொதி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். திறந்தபோது பனிக்கட்டிப் பைகள் தண்ணீர்ப் பைகளாகக் கிடந்தன. குழாய் கையில் வெதுவெதுத்தது. அரிசி ஒரு மணி அளவு திரவம்.

இருந்தாலும் செய்து பார்த்தோம். ஒரு பள்ளத்தில் வெட்டாத டீ.என்.ஏ., பக்கத்துப் பள்ளத்தில் நொதியம் கலந்தது. இரண்டு மணித்தியாலம் ஓடிய பிறகு ஜெலியை நீலத்தில் தோய்த்துக் கழுவினோம். இரண்டிலும் மேலே ஒரே ஒரு பட்டை. அச்சு அசல் ஒன்றுபோல.

“நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ, ரீச்சர்?”

அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர்கள் பிழை விடவில்லை. ஆனால் அதை நிரூபிக்க, உயிருள்ள இன்னொரு நொதியம் வேண்டும். வளம் உள்ள ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனை தோற்றால் மறுநாள் புதுக் குழாயைத் திறந்து, பிழை கையிலா பொருளிலா என்று கண்டுபிடிப்பார்கள். அறிவியல் நடப்பதே அந்த மறுநாளில்தான். எங்களுக்கு மறுநாள் இல்லை; அடுத்த பொதிக்கு இரண்டு மாதம். இடையில் அந்தப் பிள்ளைகள் தங்கள் கையைத்தான் சந்தேகிப்பார்கள். வளர்ந்துவரும் நாட்டு மாணவர்களுக்கு ஆர்வம் போதாது என்று கருத்தரங்குகளில் யாராவது சொல்லும்போதெல்லாம், அந்த ஒரே ஒரு நீலப் பட்டை என் கண்முன் வரும்.

வீட்டு உறைபெட்டியும் காப்பாற்றாது. தானாகவே உறைபனி நீக்கும் குளிர்சாதனப் பெட்டி, அதற்காக அவ்வப்போது சூடாகும். நொதியத்துக்கு அது போதும். பிறகு மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் இந்த நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. அதே மாதம் மேல் மாகாணத்தில் வினாத்தாள் அச்சிடத் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. தாளே இல்லாத நாட்டில் மைனஸ் இருபதைக் கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். தொகுப்பு உயிரியலின் உதிரிப்பாகங்களான டீ.என்.ஏ.க்குக் குளிர் வேண்டாம். உலர்த்தினால் சாதாரணத் தபாலில் வெயிலில் வரும். ஐஜெம் பல ஆண்டுகள் தன் அணிகளுக்கு உதிரிப்பாகங்களை உலர்ந்த டீ.என்.ஏ.யாகவே அனுப்பியது. வெட்டும் கத்தி, ஒட்டும் பசை, பிரதி எடுக்கும் யந்திரம் ஆகிய நொதியங்கள்தான் குளிரைக் கேட்கின்றன. எழுத்து வந்து சேர்கிறது. பேனா வழியில் செத்துவிடுகிறது.

*

அந்தப் பேனாக்களில் மிகப் பெரியதான ஒன்று வெந்நீரூற்றிலிருந்து வந்தது. அதைக் கண்டெடுத்தவர்களில் ஒருவர் மாணவர். 1966 இல் தோமஸ் புரொக் என்ற நுண்ணங்கியியலாளர், ஹட்சன் ஃபிரீஸ் என்ற இளமாணி மாணவரோடு, அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் மாதிரி எடுத்தார். எழுபது பாகையை ஒட்டிய சூட்டில் சுகமாக வாழும் பற்றீரியா ஒன்று கிடைத்தது. தேர்மஸ் அக்குவாற்றிக்கஸ் என்று பெயரிட்டு 1969 இல் வெளியிட்டார்கள். 1976 இல் சின்சினாற்றி பல்கலைக்கழகத்தில் அலிஸ் சியென் என்ற மாணவி, டீ.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் அதன் நொதியத்தைப் பிரித்தெடுத்தார். டக் பொலிமரேஸ்.

1983 இல் கரி முலிஸ் பீ.சி.ஆர். முறையை எண்ணியபோது ஒரு சிக்கல் இருந்தது. டீ.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் பிரிக்க 95 பாகைக்குச் சூடாக்க வேண்டும்; அந்தச் சூட்டில் ஈ.கோலையின் நொதியம் ஒவ்வொரு சுற்றிலும் செத்தது. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. ஊற்றுப் பற்றீரியாவின் டக் சாகவில்லை. முப்பது சுற்றில் ஓர் இழை நூறு கோடியைத் தாண்டும். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளியில் வைரசைத் தேடியதும் இந்த வழியில்தான். முலிசுக்கு 1993 இல் நோபல். இரண்டு மாணவர்களின் கைப்பட்ட ஊற்றுத் தண்ணீர் கோடிக்கணக்கான டொலர் வணிகமாயிற்று.

இதைச் சொல்லிவிட்டு நான் நிறுத்துவேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஊற்று இருக்கிறது. சில கிலோமீற்றரில் கன்னியா. இராவணன் தாயின் அந்தியேட்டிக்காக வாளால் குத்தி ஏழு ஊற்றுகளை எழுப்பினான் என்று கதை சொல்லும் அதே ஏழு கிணறுகள். எரிமலையே இல்லாத தீவில் வெந்நீர் எப்படி? மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. கன்னியாவின் சூடு நாற்பதை ஒட்டியது. டக் போன்ற ஒன்று அங்கே கிடைக்கும் என்று நான் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவதில்லை. ஆனால் ஊற்றடியில் நிற்கும் மாணவருக்கு நுண்ணங்கியியல் கதவு திறக்கும் என்பதற்கு ஹட்சன் ஃபிரீஸ் சாட்சி.

*

டக் பற்றிய காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. இன்று எந்த நாடும் தன் டக்கைத் தானே ஆக்கலாம். அந்த நொதியத்தின் பரம்பரை அலகை ஏற்றிய ஈ.கோலையை ஒரு லீற்றர் வளர்ப்பூடகத்தில் வளர்த்தால் ஆயிரக்கணக்கான பீ.சி.ஆர். பரிசோதனைகளுக்குக் காணும். கமரூனின் யவுண்டேயில் இம்போவாலாப் என்ற சமுதாய ஆய்வுகூடம், உள்ளூரிலேயே நொதியம் ஆக்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. 2018 இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சஞ்சிதா பத்ராவும் அன்ட்ரூ எலிங்டனும் இன்னும் எளிய வழியைக் காட்டினார்கள். நொதியத்தைச் சுத்திகரிக்கவே வேண்டாம். நொதியம் நிறைந்த பற்றீரியாக் கலங்களை அப்படியே உலர்த்தி, ஈரம் படாமல் அறை வெப்பத்தில் வைத்து, வேண்டும்போது பரிசோதனைக் குழாயில் போடலாம். கருவாடு மாதிரி என்று சொன்னேன். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்றாவது வழி கலமே இல்லாத முறை. கலத்தை உடைத்து, அதற்குள் இருந்த வாசிக்கும் எழுதும் சாமான்களை மட்டும் எடுத்து, குளிரில் உலர்த்திக் கடதாசியில் ஏற்றுவார்கள். டீ.என்.ஏ.யும் தண்ணீரும் ஒரு துளி விட்டால் அது வேலையைத் தொடங்கும். 2014 இல் கீத் பார்டியும் கொலின்ஸும் இதைக் காட்டினார்கள். 2018 இல் இதே முறையில் ‘பயோபிற்ஸ்’ என்ற வகுப்பறைப் பெட்டி வந்தது. 2020 இல் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்து ஜூலியஸ் லக்ஸின் குழு, தண்ணீரில் புளோரைட்டு அளவு கடந்திருந்தால் நிறம் காட்டும் உலர்ந்த சோதனைக் குழாயைச் செய்து, கோஸ்ற்றா ரிக்காவின் நீர்நிலைகளில் பரீட்சித்தது. அந்தக் கட்டுரையின் முதலாவது பெயர் வோல்டர் தவராஜா. கட்டுரையின் தலைப்பைத் திரையில் காட்டியபோது, ஆங்கிலத்தைக் கண்டு பின்வாங்கியிருந்த ஒரு பெடியன் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

புளோரைட்டு எங்களுக்குத் தூரத்துப் பிரச்சினை அல்ல. எங்கள் மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுர, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் மிகுந்த பகுதிகளில் ஒன்று. நிலத்தடி நீரின் வன்மையும் புளோரைட்டும் நெடுங்காலமாகச் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. அங்கிருக்கும் சிங்களப் பிள்ளையும் மூதூர்ப் பிள்ளையும் பாலையூற்றுப் பிள்ளையும் ஒரே குழாயைக் கையில் வைத்துத் தங்கள் வீட்டுக் கிணற்றை அளந்தால், அதுவே போட்டிக்கு அனுப்பத்தக்க வேலை. போட்டிக்குப் போகாவிட்டாலும் அந்தக் கிணறுகள் அளக்கப்பட்டிருக்கும்.

கலமற்ற முறையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பரம்பரை அலகு மாற்றிய பற்றீரியாவை விறாந்தையில் வளர்க்கக் கூடாது. கேட்கும் பிள்ளைகளுக்கு இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். இலங்கை 2004 இல் காட்டஹேனா உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கையை உறுதிப்படுத்திய நாடு. ஐஜெம் போட்டியும் மாற்றிய உயிர்களை ஆய்வுகூடத்துக்கு வெளியே விடுவதைத் தடைசெய்கிறது. கடதாசியில் உலர்ந்த சாற்றுக்கு உயிரில்லை, பெருகாது, வகுப்பறைக்கு வரலாம். உயிருள்ள வேலைக்கு முறையான ஆய்வுகூடமும் பொறுப்பாளரும் வேண்டும். கோணேசபுரியில், நிலாவெளிக்குப் போகும் வழியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் பிரயோக விஞ்ஞான பீடத்தோடு இருக்கிறது. அங்கே ஒரு மேசை, ஓர் உறைபெட்டி, அதற்கு ஒரு சூரிய மின்கலம், ஒரு தொழினுட்பவியலாளர். மாவட்டத்துப் பாடசாலைகளுக்கு உலர்ந்த நொதியம் ஆக்கித் தருவது மட்டும் அந்த மேசையின் வேலை. நான் கேட்பது அவ்வளவே. பாரிஸ் பயணத்துக்கு ஒருமுறை தேடும் பணத்தில் இது பல வருடம் ஓடும்.

*

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ.எல். உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு நேரம் கிடையாது. திருகோணமலை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு கைகொடுக்கிறது. ஆனாலும் மருத்துவ பீடத்துக்கான இசற் புள்ளி தசமங்களில் தீர்மானமாகும். மீளச்சேர்க்கை டீ.என்.ஏ. பற்றிய அலகு பாடத்திட்டத்தில் உண்டு. பிள்ளைகள் அதை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவிப்பார்கள். குழாயைத் தொடாமலே ஏ சித்தி எடுப்பார்கள். அவர்களையோ பெற்றோரையோ நான் குறை சொல்லமாட்டேன். இந்த ஊரில் போருக்கும் சுனாமிக்கும் பிறகு குடும்பங்கள் நம்பிப் பிடித்த கயிறு பரீட்சைதான்.

ஆனால் பரீட்சை முடிந்தபின் ஒரு வெற்றிடம் இருக்கிறது. ஏ.எல். எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கம்பஸ் தொடங்கும்வரை ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மூளை கூர்மையாக இருக்கும், பாடம் சூடாக இருக்கும் பத்தொன்பது வயது. அந்தக் காலத்தில் அவர்கள் கணினி வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் போகிறார்கள், கடைகளில் நிற்கிறார்கள், சிலர் வெளிநாட்டுக்குப் படிவம் நிரப்புகிறார்கள். வேறு நாடுகளில் முதலாம் வருட மாணவர்கள் ஐஜெம்முக்கு ஒதுக்கும் மாதங்களைவிட இது நீளம். என் விறாந்தைக்கு விடாமல் வந்தவர்கள் எல்லாரும் இந்த இடைக்காலப் பிள்ளைகளே. இதை வீணான காலம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்த நாட்டில் தொகுப்பு உயிரியலுக்கு இருக்கும் மிகப் பெரிய வளம் இதுதான் என்பது என் துணிபு.

மொழி தடையா என்று கேட்பார்கள். தடைதான், பாடசாலையில் தமிழ், கம்பஸில் ஆங்கிலம். ஆனால் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது; அவருடைய ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875 இல் வெளிவந்தது. எங்கள் பிள்ளைகள் ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். பரம்பரை அலகின் வாசிப்புத் தொடங்கும் இடத்துக்கு ‘வாசல்’ என்றும் முடியும் இடத்துக்கு ‘படலை’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆளிக்கு ஆளிதான். பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும் இருக்கும். முதலில் தமிழில் விளங்கிய பிள்ளை, இரண்டாம் முறை ஆங்கிலத்தில் வாசிக்கும்போது தடக்குவதில்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கொப்பியில் கடைசியாக எழுதிய சொல் ‘சூட்டதிர்ச்சி’. பற்றீரியாவுக்குள் புதிய டீ.என்.ஏ.யை ஏற்றும் பழைய வழி அது. கல்சியம் குளோரைட்டில் குளிரவைத்த கலங்களை 42 பாகைத் தண்ணீரில் முக்கால் நிமிடம் வைத்து, உடனே திரும்பப் பனிக்கட்டியில் வைப்பார்கள். அந்தச் சூட்டில் கல மென்சவ்வு கொஞ்சம் நெகிழும், டீ.என்.ஏ. நுழைந்துவிடும். நாங்கள் அதைச் செய்ததில்லை, எழுதி மட்டும் வைத்தோம்.

அடுத்த சனிக்கிழமை கன்னியாவுக்குப் போனோம். வெப்பமானியைக் கயிற்றில் கட்டி ஒவ்வொரு கிணறாக இறக்கினார்கள். ஒன்று மற்றதுபோல் இல்லை. பப்பாசி டீ.என்.ஏ.யைக் குச்சியில் சுருட்டிய அதே பிள்ளை, சூடு கூடிய கிணற்றடியில் குந்தியிருந்து, வெப்பமானியைக் கண்ணுக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

“நாற்பத்தொண்டு, ரீச்சர். சூட்டதிர்ச்சிக்கு இன்னும் ஒரு பாகைதான் வேணும்.”

பக்கத்திலிருந்தவன் கொப்பியில் எழுதப் போனான். அவள் தடுத்தாள். “பொறு, எழுதாத. ஒருக்கா அளந்தாக் காணாது.” வெப்பமானியை உதறித் துடைத்துவிட்டு, மறுபடியும் தண்ணீருக்குள் இறக்கினாள்.